ரசீதக்கா எழுதிக் கொடுத்த விலை

தபால் ஆபீசில் பதிவுத் தபால் கவுன்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு 'ரசீதக்கா' என்று பெயர் வராமல் வேறென்ன வரும்? ஆபீசில் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சொன்னதை நம்ப மாட்டாள், எழுதினதை நம்புவாள், எழுதினதிலும் கையெழுத்து இல்லையென்றால் இன்னொரு தரம் பார்ப்பாள். நாத்தனார் குக்கரை இரவல் வாங்க வந்தபோது, 'குக்கர் ஒன்று, மூடியோடும் விசிலோடும்' என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினவள். நாத்தனார் ஒரு மாதம் பேசவில்லை. குக்கர் மட்டும் விசிலோடு திரும்பி வந்தது.

அப்படிப்பட்டவளே ஒரு தடவை வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்தாள். அது வீடு விஷயத்தில்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். டிப்போவில் எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு நொறுங்கி, இனிமேல் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். குடியிருப்பதோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரெல்லாம் சுற்றின மனிதர் பதினோரு மாதமாகக் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிற பஸ்களைப் பார்த்து, "இவனுக்கு யார்யா லைசென்ஸ் குடுத்தது? இப்படியா திருப்புவான்!" என்று திட்டுவதுதான் வேலை. வேடிக்கையாகத்தான் திட்டுவார். ஆனால் அவர் சிரிப்பு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்ததை அவள் கவனித்தாள். கவனித்துப் பயந்தாள்.

தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கியே தீருவது என்று கிளம்பினாள். பதினேழு வீடு பார்த்தாயிற்று. எல்லா வீட்டு வாசலிலும் மூன்று படியோ நான்கு படியோ நந்தி மாதிரி குறுக்கே நின்றன. ஒரு வீடு கொஞ்சம் தோதாக இருந்தது. "முடிஞ்ச மாதிரிதான்க்கா, ஆயிடும்" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ஒரு வாரம் சும்மா இருந்தாள். அதற்குள் அதை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டதற்கும், "விடுங்கக்கா, வேற ஒண்ணு ஆயிடும்" என்றான். அன்று முதல் வீட்டில் அவனுக்கு 'ஆயிடும்' என்றே பெயர். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அந்த ரகம்.

பதினெட்டாவதாக ஆயிடும் காட்டியது பல் டாக்டரம்மாவின் வீடு. வேலையை விட்டுவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டவர். முன்னறைதான் அவருடைய கிளினிக்காக இருந்ததாம். அதனால் வாசலில் படி இல்லை. சரிவாகச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார். கதவும் அகலம். ரசீதக்கா கையோடு கொண்டுபோன டேப்பை வைத்துக் கதவை அளந்தாள். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு இடம் மிச்சம் இருந்தது. ஏஜென்ட் எதிரில் அழக்கூடாது என்று டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, விலையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அவன் அலுவலகத்துக்குப் போனாள். கேட்ட விலையில் நூற்றுக்கு மூன்று குறைவு. வங்கிக் கடன் சம்மதக் கடிதம் இணைப்பு. வீடு இருக்கிறபடியே வாங்கத் தயார். பதிலுக்குப் பத்து நாள். இரண்டு பிரதி.

"எதுக்குக்கா இதெல்லாம்? நான் போன்ல ஒரு வார்த்தை சொன்னா ஆயிடும்."

"நீங்க சொல்லுங்க தம்பி, வேணாம்னு சொல்லலை. இதையும் அவங்ககிட்ட குடுங்க. இந்த நகல்ல வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து, தேதி, மணி."

"மணி வேறயா?"

"மணி வேற."

கல்லில் நார் உரிக்கிற வேலைதான். அவன் டீ வேண்டுமா என்றான், பேனா எழுதவில்லை என்றான், முதலாளி வரட்டும் என்றான். முதலாளியே அவன்தான். ரசீதக்கா நகர்வதாக இல்லை. மூடுகிற நேரத்தில் பார்சலோடு வந்து சண்டை பிடிப்பவர்களை இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள் அவள்; நிற்பது அவளுக்குப் புதிதல்ல. பின்னால் வேறொரு பார்ட்டி வந்து உட்காரவும், தொல்லை விட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மணி பதினொன்று பத்து என்றும் போட்டான்.

நான்காம் நாள் போன் வந்தது.

"மனசைத் தேத்திக்கோங்கக்கா. ஒரு பார்ட்டி கேட்ட விலையை முழுசாக் குடுத்துட்டாங்க. டாக்டரம்மா உங்க லெட்டரைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் வேணாம்னாங்க. திங்கக்கிழமை ஒப்பந்தம்."

அவள் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். புருஷன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"போனாப் போகுது, விடு. மூணாவது மாடியில காத்து நல்லா வருது. கீழ இந்தக் காத்து கிடைக்குமா?"

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். சமாதானம் சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவும்போது புத்தி வேலை செய்தது. டாக்டரம்மா படித்தார் என்று சொன்னது யார்? ஆயிடும். படித்ததற்கு அத்தாட்சி எங்கே? இல்லையே!

டாக்டரம்மாவின் இப்போதைய விலாசம் அவளுக்குத் தெரியாது. ஆனால் இடம் மாறினவர்களுக்கு வரும் தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்புகிற பட்டியல், அவள் கவுன்டரிலிருந்து பத்தடி தள்ளிச் சுவரில் தொங்கியது. ஏறெடுத்துப் பார்த்தால் போதும். அவள் பார்க்கவில்லை. அது அவளுடைய தொழில் தர்மம். அதோடு, பார்க்க அவசியமும் இல்லை. கடிதத்தைப் படியெடுத்து, ஏஜென்ட் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதையும் தன் போன் நம்பரையும் தனிச் சீட்டில் எழுதி வைத்து, வாசல் பலகையில் பார்த்த டாக்டரம்மாவின் பெயரையும் அதே பழைய வீட்டு விலாசத்தையும் போட்டாள். வியாழக்கிழமை காலை கவுன்டருக்கு வெளியே வந்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள். தபால் தன் வழியைத் தானே கண்டுபிடித்துப் போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

வெள்ளி போனது. சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

"நான் பல் டாக்டர் பேசுறேன். நீங்கதானே லெட்டர் போட்டது? அந்த ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட நகல் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குதுங்கம்மா."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு அவர் ஆபீசுக்கு எடுத்துக்கிட்டு வாங்க. நீங்க வர்றது அவருக்குத் தெரிய வேணாம்."

திங்கட்கிழமை ரசீதக்கா போனபோது டாக்டரம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு. மேசையில் ஒப்பந்தப் பத்திரம். ஆயிடும் ரசீதக்காவைக் கண்டதும் பேயறைந்தவன் போல ஆனான்.

"வாங்கக்கா, உக்காருங்க," என்று டாக்டரம்மா நாற்காலியைக் காட்டிவிட்டு அவனிடம் திரும்பினார். "வீட்டுக்கு எத்தனை பேர் விலை எழுதிக் குடுத்தாங்க?"

"ஒருத்தர்தாம்மா. நூத்துக்குப் பன்னெண்டு குறைச்சு. இப்ப மார்க்கெட் அப்படி. அதுக்கு மேல யாரும் வரலை."

"அந்த ஒருத்தர் யாரு?"

"அது... நமக்குத் தெரிஞ்சவர்தான்."

"வாயை நல்லாத் திறந்து சொல்லுங்க." முப்பது வருஷம் நோயாளிகளிடம் பேசின அதே நிதானமான குரல்.

"என் மச்சான்மா," என்றான் அவன்.

டாக்டரம்மா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவன் எட்டிப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே பழகினவன், அப்போதும் விடவில்லை.

"இப்படி ஒண்ணு என் கைக்கே வரலைம்மா! வந்திருந்தா நான் குடுக்காம இருப்பேனா?"

ரசீதக்கா தன் பையைத் திறந்தாள். நகலை எடுத்து, மடிப்பை நீவி, கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் நெடுநேரம் குனிந்து பார்த்தான்.

"என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு," என்றான் கடைசியில்.

"மணியும் நீங்கதான் தம்பி போட்டீங்க," என்றாள் ரசீதக்கா.  அவளுக்கு எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது.

டாக்டரம்மா மச்சானின் ஒப்பந்தத்தை நான்காகக் கிழித்தார். பிறகு ரசீதக்காவைப் பார்த்தார்.

"கேட்டதுல நூத்துக்கு மூணு குறைச்சிருக்கீங்களே, ஏன்?"

"அதுக்கு மேல எங்களால முடியாதும்மா."

"வாசல் சரிவை இடிச்சுட்டுப் படி கட்டுவீங்களா?"

"அந்தச் சரிவைத்தாம்மா வாங்குறேன். வீடு கூட வருது."

டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். கடிதத்தின் அடியிலேயே 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்காமலே தேதியும் மணியும் போட்டார்.

"அம்மா, அப்ப என் கமிஷன்?" என்றான் ஆயிடும் ஈனஸ்வரத்தில்.

"எழுதிக் குடுங்க. பார்க்கலாம்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது புருஷன் நம்பவில்லை. காகிதத்தைக் காட்டின பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது மாடிக் காத்து?" என்று கேட்டாள். "நாசமாப் போகட்டும்," என்றார்.

மூன்றாம் மாதம் குடி போனார்கள். சாமான் ஏற்ற வந்தவர்கள் நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கினார்கள். இறக்குகிறவர்களுக்கும், "லெஃப்ட்ல ஒடி, மெதுவா, மெதுவா!" என்று வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார். புது வீட்டுச் சரிவில் யாரையும் தொடவிடவில்லை. வியர்த்து, மூச்சு வாங்கி, தானே தள்ளி ஏறினார். பிறகு திரும்பி இறங்கினார். மறுபடியும் ஏறினார். "போதுங்க, கை வலிக்கும்," என்றாள். யார் கேட்டார்கள்?

அடுத்த வாரம் ஒரு சாயந்தரம் வேலை முடிந்து வந்தாள். கதவு சாத்தியிருந்தது. "என்னங்க," என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. முன்னறையில் இல்லை, படுக்கையறையில் இல்லை, அடுப்படியில் இல்லை. ஜன்னலோரத்திலும் இல்லை.  பின்கட்டு வரை ஓடிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். நாற்காலியும் இல்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மனிதர் வெளியே போயிருக்கிறார். கடைக்கோ, டிப்போவுக்கோ, யாரோடாவது வம்பளக்கவோ, எங்கேயோ. பதினாலு மாதத்தில் முதல் தடவையாகத் தன் புருஷன் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.