முறுக்கு விழுந்த வளையம்

அண்ணி வந்து இறங்கியபோது அவள் கைப்பையில் ஒரு குரோஷா ஊசி இருந்தது. நூல் பேருக்குக்கூட இல்லை.

"நூல் எங்க அண்ணி?" என்று வாலு கேட்டாள்.

"இந்த ஊர்ல கிடைக்காதா என்ன? எங்க போறேனோ அங்க நூல் வாங்கி, அங்கயே பின்னி முடிச்சுட்டுத்தான் கிளம்புவேன். உங்க அண்ணனுக்கு மாத்தலான ஊரெல்லாம் நம்ம வீட்டுல தலையணை உறையா கிடக்கே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். ஆனால் உறை என்றுதான் பார்த்தாளே தவிர, ஊர் என்று பார்த்ததில்லை. அண்ணியையும் அப்படித்தான். குடும்பமே கூடிப் பேசி அவளை வாயில்லாப் பூச்சி என்று முடிவு கட்டி ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டது. வாலுவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். லீவு கிடைக்காத அண்ணன், தனக்குப் பதிலாகப் பெண்டாட்டியை விமானம் ஏற்றிவிட்டான் என்று கேட்டதும், இதோடு மூன்று வாரம் என்ன பேசுவது என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாலு என்பது அண்ணன் வைத்த பெயர். வயது நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறது, கடல் தாண்டி வந்து தனிக் குடித்தனம் நடத்துகிறாள், இன்னும் வால் மட்டும் அறுபடவில்லை.

கழுத்திலிருந்த தைராய்டு கட்டியை எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் கைகுலுக்கி அனுப்பிவிட்டார். குரலும் திரும்பிவிட்டது. தைரியம்தான் திரும்பவில்லை. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. யாரோடு பேசினாலும் வாலுவின் இடது கை தானாகப் போய் அதை மூடிக்கொள்ளும்.

வேறு வேலையாக இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். வாலு வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். வந்தவர் முகத்தில் கண்ணாடியை மாட்டி, குனிந்து, காதுக்குப் பின்னால் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்தால் அவர் கண்ணுக்கு நேர் எதிரே இவள் கழுத்து. அதுவும் புதுக் கண்ணாடி போட்ட கண், மயிரிழையைக்கூட விடாது. போதாததற்குத் திரும்பின பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி வேறு. மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஒரு நாள் போனாள். குனிந்ததும் அதன் முனை நழுவி ஒரு பெரியவரின் வாயிலேயே விழுந்தது. கழுத்து மூடிய ஸ்வெட்டரோ தையல் உரசித் தழும்பை எரிய வைத்தது. மதியமே வீட்டுக்கு வந்தவள், லீவை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் கேட்ட அண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முனை இருந்தாத்தானே விழும்? முனையே இல்லாம வளையமா பின்னிட்டா?"

மறுநாளே கம்பளி நூல் கடைக்குப் போனார்கள். பக்கத்து மலையில் மேயும் ஆடுகளின் ரோமத்தை அங்கேயே நூற்று விற்கும் கடை. உள்ளே போனதும் மழையில் நனைந்த ஆட்டு மந்தைக்குள் புகுந்த மாதிரி வாசனை. வாலு மூக்கைச் சுளித்தாள். அண்ணி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

அண்ணி நூலைக் கையால் தடவிப் பார்க்கவில்லை. கடைக்காரம்மாவிடம் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தன் ரவிக்கைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

"எங்க போறீங்க அண்ணி?"

"சும்மா ஒரு சுத்து. உள்ளங்கை காய்ச்சுப் போன இடம், அதுக்கு எல்லாமே மெத்துன்னுதான் இருக்கும். கழுத்துகிட்டதான் கேக்கணும்."

கடைத்தெரு முழுக்க நடந்தாள். திரும்பி வந்து, கழுத்தைச் சொறிந்து காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே போய், குட்டி ஆட்டின் முதல் கத்தரிப்பில் எடுத்த நூல் என்று பழுப்பு நிறத்தில் வேறொரு துண்டு கொண்டு வந்தாள். அண்ணி அதையும் செருகிக்கொண்டு மறுபடி ஒரு சுற்று கிளம்பினாள். இந்தத் தடவை திரும்பியபோது துண்டைக் கழுத்துக்குள் வைத்ததே அவளுக்கு ஞாபகமில்லை. "இதுதான்" என்று தமிழில் சொன்னாள். கடைக்காரம்மா தன் பாஷையில் ஏதோ பதில் சொன்னாள். இருவருக்கும் பேச்சு நன்றாகவே புரிந்தது. இவளையா வாயில்லாப் பூச்சி என்றோம் என்று வாலுவுக்கு வெட்கமாக இருந்தது.

நூலைச் சிட்டமாகத்தான் தந்தார்கள். அந்தப் பெரிய வளையத்தை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன வரும். சமையலறை மேஜையில் உட்கார்ந்ததும் அண்ணி, "ரெண்டு கையையும் நீட்டு" என்றாள். சிட்டத்தை வாலுவின் இரு கைகளிலும் மாட்டிவிட்டு, நூலை இழுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

வாலுவின் இரண்டு கையும் கட்டுப்பட்டுவிட்டன. கழுத்தை மூட முடியவில்லை. அண்ணியும் அதைப் பார்க்காதது போலப் பாசாங்கு செய்யவில்லை, உற்றுப் பார்க்கவும் இல்லை. கடைசிச் சுற்று கையிலிருந்து கழன்றபோது வாலுவின் வாய் திறந்துகொண்டது.

"நான் வேலைய விட்டுடப் போறேன் அண்ணி. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. போய் எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

அண்ணி சங்கிலிப் பின்னல் போட ஆரம்பித்திருந்தாள். "பிடிக்கலையா?"

"பிடிக்காமலா? எனக்கு உயிர் அது. முதல் தடவையா கண்ணாடி போட்டுட்டு ஒருத்தர் வெளிய தெருவைப் பாக்கிறப்ப அவங்க மூஞ்சியப் பாக்கணும் நீங்க. எத்தனை நாள் பாத்தாலும் எனக்கு அலுக்காது. இப்ப அவங்க தெருவையா பாக்கறாங்க? என் கழுத்தையில்ல பாக்கறாங்க!" என்றவள் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுது முடிக்கும்வரை அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் சங்கிலியின் இரு முனையையும் சேர்த்து வளையமாக்கியது. பிறகு, "குடுக்கறதுன்னா குடு. இதக் கழுத்துல போட்டுக்கிட்டுப் போய்க் குடு. நானும் வரேன்" என்றாள்.

அதன்பின் அந்த வளையம் அண்ணியின் மடியிலேயே குடியிருந்தது. பஸ்ஸில், பூங்கா பெஞ்சில், ஆஸ்பத்திரி வரிசையில். டிரைவர் போட்ட பிரேக்கில் வாலு முன் சீட்டில் முட்டிக்கொண்டாள், அண்ணியின் ஊசி ஒரு கண்ணியைக்கூடத் தவறவிடவில்லை. முன்பின் தெரியாத பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். வாலுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. யாரும் கேட்காமலே "என் அண்ணி" என்று சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை கடைசி முடிச்சைப் போட்டு, வளையத்தை மேஜைமேல் பரப்பிய அண்ணியின் முகம் தொங்கிப்போனது. ஓரிடத்தில் முறுக்கு விழுந்திருந்தது. வலமாகத் திருப்பினாள், இடமாகத் திருப்பினாள். முறுக்கு இங்கிருந்து அங்கே போயிற்றே தவிர நிமிரவில்லை.

"சேர்க்கறப்பவே சங்கிலி திரும்பியிருக்கு. மடியில சுருண்டே கிடந்ததா, கண்ணுல படல. எத்தனை பின்னியிருக்கேன், இந்தத் தப்பு பண்ணினதே இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "மொத்தத்தையும் பிரிக்கணும். நாளைக்குள்ள முடியாதே."

"எப்படி அண்ணி திரும்பிச்சு?"

"சேர்க்கறப்ப பின்னலத்தான் பாக்கணும். நீ அழுதுட்டிருந்தே. நான் உன்னைப் பாத்துட்டிருந்துட்டேன்."

முடிச்சைத் தேடி அவிழ்க்கப் போன அண்ணியின் கையிலிருந்து வாலு வளையத்தைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் தலைவழியாக மாட்டிக்கொண்டாள். முறுக்கு சரியாகத் தொண்டைக்கு முன்னால் வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, எழும்பி நின்றது. உறுத்தவில்லை. குனிந்து பார்த்தாள். நழுவவில்லை.

"இதுல யாராவது கை வெச்சா பொல்லாதவளாயிடுவேன்" என்றாள். அண்ணிக்கு மனசே ஆறவில்லை. தூங்கப் போகும்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அண்ணி காத்திருப்போர் நாற்காலியில் மிச்ச நூலோடு உட்கார்ந்துகொண்டாள். முதலாளி வரத் தாமதமாகும் என்றார்கள். அதற்குள் ஒரு ஆள் புதுக் கண்ணாடி வாங்க வந்துவிட்டார். பேச்சிலேயே தெரிந்தது, பள்ளிக்கூட வாத்தியார். வாலு பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை எடுத்து வந்தாள், மாட்டினாள், குனிந்தாள்.

வாத்தியார் இமைக்காமல் அவள் கழுத்தைப் பார்த்தார்.

"மடங்கியிருக்கும்மா, இழுத்து விட்டுக்கோங்க" என்றார் அவர், அந்த ஊர்ப் பாஷையில்.

"மடங்கல சார், அது அப்படித்தான்."

"எது அப்படித்தான்? ஒரு இழு இழுத்தா நிமிரப் போகுது."

அண்ணியின் வேலையை ஒருவர் குறை சொன்னால் வாலு பொறுப்பாளா? "நிமிராது சார்! நீங்க தலைகீழா நின்னாலும் நிமிராது. இந்தாங்க, செஞ்சு காட்டுங்க பாப்போம்!" என்று வளையத்தைத் தலைவழியாக உருவி அவர் கையில் திணித்தாள்.

வாத்தியார் திருப்பினார். புரட்டினார். உள்ளே கைவிட்டு வெளியே இழுத்தார். முறுக்கு அவர் விரலுக்கு முன்னால் ஓடி ஓடிப் போக்குக் காட்டியது. புதுக் கண்ணாடி வழியே ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்து, "அடேயப்பா, என்ன கை! யார் பின்னினது?" என்றார்.

"எங்க அண்ணி. அதோ, அவங்கதான். கடைத்தெரு முழுக்க கழுத்துல நூலைச் செருகிட்டு நடந்து பாத்து வாங்கினாங்க!" வாலு இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அண்ணிக்குப் பாஷை புரியவில்லை. இருந்தாலும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

கண்ணாடியின் ஒரு பக்கம் லேசாகத் தளர்ந்திருந்தது. வாலு அதைக் கழற்றி, வேலை மேஜைக்குக் கொண்டுபோய், குட்டித் திருகாணியை முடுக்க உட்கார்ந்தாள். பின்னாலேயே அண்ணி, வாத்தியாரிடமிருந்து வாங்கிய வளையத்தோடு வந்து நீட்டினாள்.

"கழுத்து குளிரலையா வாலு?"

வாலு நிமிர்ந்தாள். எதிரே நிலைக்கண்ணாடி. அதில் சிவப்புக் கோடு, அதற்குப் பின்னால் கலங்கிய கண்ணோடு அண்ணி. வாலுவின் இடது கை மேஜையைவிட்டு எழும்பியது. ஆனால் அந்தக் கையில் வாத்தியாரின் கண்ணாடி இருந்தது.

"அங்கயே வைங்க அண்ணி," என்று குனிந்துகொண்டாள். "கையில வேலை இருக்கு. முடிச்சுட்டுப் போட்டுக்கறேன்."