பத்து நிமிஷத்துக்கு ஒரு ரிலீவர்

எமர்ஜென்சி மெடிசின் இரண்டாம் வருஷம் படிக்கும் எங்களுக்குத் துறைத் தலைவர் ராஜாமணி சார் ஒரு படிவம் கொடுத்தார். ‘பணியில் உங்கள் திருப்தி, ஒன்று முதல் ஐந்துக்குள்.’ பூஜ்யத்துக்குக் கட்டம் இல்லை. அன்று மதியம் அவரைப் பார்த்துப் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று நேரிலேயே சொல்லிவிட முடிவு செய்தேன்.

அதற்குள் பதினோரு மணிக்கு, ஒரகடத்தில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் விரலைக் கிழித்துக்கொண்டு சண்முகசுந்தரம் வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். வலது ஆள்காட்டி விரலில் ஆறு தையல். தையல் போட்ட என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒங்க ஷிப்ட் எப்ப முடியும் டாக்டர்?”

“காலைல எட்டுக்கு முடிஞ்சுடுச்சு. அடுத்து வர்றவர் லீவு.”

“ரிலீவர் இல்லாமலா ஓட்டுதிய? எங்க லைன்ல பாத்ரூம் போவணும்னாகூட கையத் தூக்கணும். ரிலீவர் வந்து நின்ன பெறவுதான் நகர முடியும். லைனும் நிக்காது, ஆளும் விழமாட்டான்.”

சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் ஸ்டூலில் அவன். கட்டுப் போட்ட விரலை உயர்த்திப் பிடித்தபடி ஒரு அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தான்: “காய்ச்சல் எத்தன நாளா?”

“யோவ், இன்னா பண்ணிக்கினு கீற? எந்திரி!” என்று காவேரி சிஸ்டர் ஓடி வந்தார்.

“பத்து நிமிசம் ரிலீவரா நான் நிக்கேன் சிஸ்டர். டாக்டர் சாப்பிட்டுட்டு வரட்டும். மொகத்தப் பாருங்க.”

சரியாக அப்போதுதான் ராஜாமணி சார் உள்ளே வரவேண்டுமா?

“யார் இது?”

“ஹேமந்த் சாரோட ரிலீவராம் சார்,” என்றார் சிஸ்டர், பிரஷர் எவ்வளவு என்று சொல்லும் குரலில்.

சார் என் பக்கம் திரும்பினார். “எப்ப சாப்பிட்ட?”

“நேத்து மதியம் சார். நான் படிப்பை விட்டுடறேன் சார்.” இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

அவர் முழுக்கைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டார். “தம்பி, எழுந்திரு” என்று அவனிடம் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “அடுத்த ஆள் லீவு போட்டா உன்னை யாரு மாத்துவாங்கன்னு நான் கேட்டிருக்கணும்பா. போ. சாப்பிட்டுத் தூங்கு. அப்புறமும் விடணும்னு தோணுச்சுன்னா வந்து சொல்லு. நான் தடுக்க மாட்டேன்.” காய்ச்சல்கார அம்மாவிடம் திரும்பினார். “சொல்லுங்கம்மா. எத்தனை நாளா?”

“மூணு நாளுன்னு அந்தத் தம்பியாண்டயே சொல்லிட்டேனே!”

கேன்டீனுக்கு அவனும் கூட வந்தான். பூரி மட்டும்தான் மிச்சம். அவனுக்கு வலது கை உதவவில்லை. நான் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தேன். இடது கையால் எடுத்துச் சாப்பிட்டான்.

“விட்டுருவியளா டாக்டர்?”

“தெரியல. தூங்கி எழுந்தாத்தான் தெரியும்.”

தலையாட்டினான். அடுத்த பூரியையும் என் பக்கம் தள்ளினான்.

“தையல் பிரிக்க என்னைக்கு வரட்டும்?”

“பத்து நாள் கழிச்சு வா. வேற யார்கிட்டயும் கையைக் கொடுத்துடாத. நான்தான் பிரிப்பேன்.”