நாற்காலியில் விழுந்த துண்டு

"ம்ம்ம்மாஆ...!"

எருமை போட்ட கத்தலில் தனசேகரின் டீ, சட்டையில் பாதி மேஜையில் பாதி என்று கொட்டியது. எருமை திருப்பதி ரோட்டில் இல்லை. முதலாளி சுரேஷ்பாபுவின் புது ஸ்பீக்கருக்குள் இருந்தது.

"எப்பிடி? எமன் என்ட்ரி!" என்று புருவத்தைத் தூக்கினார் அவர்.

அவருடைய காமிக்ஸ் கம்பெனியின் நாயகன் சண்டமாருதன். மலையைத் தூக்குவான், வானத்தில் பறப்பான், ஒரே வருடத்தில் மூன்று முறை செத்தும் காட்டிவிட்டான். கௌசிகா வரைந்த இதழில் அவனை அழைத்துப் போக வந்தது அரிவாள் பிடித்த எலும்புக்கூடு. முதலாளியின் மச்சான் வரைந்ததில் எருமை மேல் சிக்ஸ் பேக் எமன். வயிற்றுக் கட்டு ஆறையும் எண்ணி வரைந்தவருக்கு முகம் வரையத்தான் நேரம் போதவில்லை. தனசேகரின் எமனோ வேட்டி கட்டிய சாதாரண ஆள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவான். அந்த சீட்டில் உட்கார்கிறவன் கதை முடிந்தது.

"இதில் நிஜ எமன் யாருய்யா?" என்று வாசகர்கள் திட்டித் தீர்க்க, இனி ஒரே எமன் என்று முடிவாகிவிட்டது; அது யாருடைய எமன் என்பது இன்றைய கூட்டத்தில் தெரியும். மற்ற எமன்களை வரைந்தவர்களுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை கிடையாது. மச்சான் மட்டும் நிம்மதியாக பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"துண்டு போட்டா சாவா? மாஸ் லேதய்யா, மாஸே இல்ல!" முதலாளி சிரித்தார். "சின்னப் பிள்ளைகூட பயப்படாது."

"எருமைல கத்திக்கினு வர்றவனப் பாத்தா ஓடிப்பூடலாம் சார். துண்டு போட்டுட்டு சும்மா நிக்கிறவன இன்னா பண்றது?" என்றான் தனசேகர்.

"எல்லாம் பஸ் புத்தி!" என்றபடி, அடித்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அறையில் ஆள் ஆறு, நாற்காலி ஐந்து. அதுவரை நின்றுகொண்டிருந்த கணக்கர் சடகோபன், காலியான முதலாளி நாற்காலியை நோக்கி நகர்ந்தார். தினமும் விஜயபுரத்திலிருந்து பஸ்ஸில் முட்டி மோதி வருகிற கை தனசேகருடையது. அது யோசிக்கவில்லை. டீ துடைத்த துண்டை வீசி நாற்காலியைப் பிடித்துவிட்டது.

"ஆளு வராங்க சார்!" வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

போன் பேசி முடித்து வந்த முதலாளி, பாதி குனிந்தவர் அப்படியே நின்றார். துண்டு.

"உக்காருங்க சார். உங்களுக்குத்தான் போட்டு வச்சேன்" என்றான் தனசேகர், மரியாதையாக.

முதலாளி உட்காரவில்லை. சிக்ஸ் பேக்கின் பெருமையைக் கால் மணி நேரம் நின்றபடியே பேசினார். ஏசி ஓடியும் நெற்றி வேர்த்தது.

"கூர்ச்சோ பாவா" என்றார் மச்சான், பிஸ்கட்டை மென்றபடி.

"உக்காந்து உக்காந்து இடுப்பு வலிடா!" என்று எரிந்து விழுந்தவர், தனசேகர் பக்கம் திரும்பியபோது குரலை வெகுவாகத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் எமனே இருக்கட்டும்ய்யா... மொதல்ல அந்தத் துண்ட எடு."