மெஷினைப் பற்றி மட்டும்

1

இந்தக் கதை ஒரு விதிப் புத்தகத்தில் கிடைத்தது. மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிலைய அலுவலகத்தில், மேசை ஆடாமலிருக்கக் காலுக்கு அண்டை கொடுத்திருந்த புத்தகத்தை உருவினேன். மேசை ஆடியது, நான் படித்தேன். தபால் மூட்டை ஏற்றும் பேருந்தில் மூட்டைக்கு வெளியே ஒரு கடிதமும் போகக் கூடாதாம். ஒரே விலக்கு: கூடவே போகும் சாமானைப் பற்றி மட்டும் எழுதிய கடிதம் போகலாம். அந்த ‘மட்டும்’ ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. (பொய். நன்றாகத்தான் தூங்கினேன்.)

2

காலைச் சூரியன் பேருந்தின் கண்ணாடியில் பட்டு— வேண்டாம். சூரியனுக்கு இங்கே வேலையில்லை.

கண்டக்டருக்கு ‘ஷரத்து’ என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் விதிப் புத்தகத்திலிருந்து ஒரு ஷரத்து காட்டுவார். தபால் மூட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, இருக்கைக்கு அடியில் வைத்து, கால் படாமல் ஒடுங்கி உட்காருவார். இது பரவாயில்லை, இப்படியே போகலாம்.

மூன்றாவது நிறுத்தத்தில் தையல்காரம்மா ஒரு கடிதத்தோடு கைகாட்டினாள். கடைசி நிறுத்தத்துக்கு எதிர்வீட்டில் அவள் தங்கை இருக்கிறாள். அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்பதில் இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. தங்கை நாளைக் காலை குடும்பத்தோடு வெளிநாடு போகிறாள். தபாலில் போட்டால் மூன்று நாளாகும். (போன்? தங்கை இவள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். நேரில்? கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.)

ஷரத்து கையை விரித்தார். பிறகு, மனசு கேட்காமல், விலக்கையும் சொல்லித் தொலைத்தார்.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது இடுப்பில் அந்தக் கை மெஷின் இருந்தது.

(நாளை விமானம் ஏறுகிறவளுக்கு இத்தனை கிலோ இரும்பை யாராவது அனுப்புவார்களா என்று நானும் யோசித்தேன். நான் எழுதும்போது அவள் கையில் அகப்பட்டது அதுதான்.)

3

பழைய கடிதம் செல்லாது. பேருந்துப் படியில் உட்கார்ந்து புதிதாக எழுதினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். ஷரத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்.

கைப்பிடி கொஞ்சம் இறுக்கம். சரி. ஊசி மாற்றியாயிற்று. சரி. இது இத்தனை நாள் என்கிட்ட இருந்தது தப்பு. அங்கே கொஞ்சம் நின்றார். ‘இது’ என்றால் மெஷின்தானே? சரி. உன்னைப் பார்க்காம இருக்க முடியல.

“இது மெஷின் இல்லையேம்மா.”

அந்த வரியை அடித்தாள். பேனாவைக் கடித்தபடி யோசித்துவிட்டு எழுதினாள்: எண்ணெய் எங்க விடணும்னு எனக்குத்தான் தெரியும். வரச் சொன்னா வந்து காட்டுறேன்.

இரண்டு தடவை படித்தார். “இது மெஷின்தான்” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீசல் புகை என்று வைத்துக்கொள்வோம்.

4

முடிவு அ: எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. எழுதினேன். தையல்காரம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: தங்கை ஓடிவந்து பேருந்தில் ஏறி— இவ்வளவு சுலபமாக எந்த வீட்டில் நடக்கிறது?

ஆகவே இப்படி. தங்கை வாசலில் பெட்டிகளுக்கு நடுவே நின்று படித்தாள். மெஷின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பதில் எழுதப் பேனா தேடினாள். பதிலுக்கும் சாமான் வேண்டும் என்றார் ஷரத்து. எல்லாச் சாமானும் கட்டியாயிற்று.

“வாயால சொன்னா?”

ஷரத்து மனசுக்குள் புத்தகத்தைப் புரட்டினார். வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. “சொல்லுங்க” என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவள் சொன்னதை முணுமுணுத்தபடியே வந்தார். இரண்டு பேருக்குத் தப்பான டிக்கெட் கிழித்தார், சர்வீஸில் முதல் தடவையாக.

5

தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டேன். அடுத்தவர் தபாலைப் பற்றித் தபால் சுமப்பவன் பேசக் கூடாது என்றார். நான் உண்டாக்கிய ஆள், என்னிடமே ஷரத்து காட்டுகிறார்.

ஆகவே கண்ணில் பட்டதை மட்டும் எழுதுகிறேன். மூன்றாவது நிறுத்தத்தில் அவரே இறங்கினார், சொன்னார். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா கேட்டுக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே” என்றாள்.

சந்தோஷத்திலும் அப்படிக் கேட்பார்கள், நம்ப முடியாமலும் கேட்பார்கள். ஷரத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

“                    ”