சாட்சியில் விட்டுப்போனது

புதுக்கடை ஜங்ஷனில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஏசுஅடிமை அண்ணன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. தலைவலி மாத்திரை வாங்கப் போன என்னிடம் அவராகத்தான் கேட்டார்.

“பிரீனா, உனக்க அக்கா இப்பம் மாத்திரைக்கே வாறதில்லியே. வேற கடையில வாங்குதாளா?”

“எப்பம் இருந்து வரல்ல?”

“அறுப்பின் பண்டிகைக்குப் பொறவு வரவே இல்ல பிள்ள.”

பண்டிகை முடிந்து ஐந்து மாதமாகிறது. ஸ்கூட்டரைக் கிளப்பி நேரே அக்கா வீட்டுக்கு விட்டேன்.

அக்கா ரெஜிலாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். திருவனந்தபுரத்தில் வைத்து இடது மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ, கதிர்வீச்சு, முடி கொட்டல், வாந்தி, எல்லாவற்றையும் பட்டு முடித்தாள். கடைசியில் தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து வருஷம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதைக்கூட விழுங்க முடியாமல் அப்படி என்ன வந்துவிட்டது இவளுக்கு?

நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் டீச்சர். அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிந்திருப்பதால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம். செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து அதில் உட்கார்ந்தால், அது டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு, ‘பெருகு, பெருகு’ என்று மரபணுக்களை முடுக்கிவிடும். எல்லாப் பெண்களுக்கும் உள்ள புரதம்தான். அக்காவின் புற்றுநோய்ச் செல்கள் அந்தப் புரதத்தை நம்பித்தான் வளர்ந்தன. மாத்திரை போய் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தைப் பிடித்துவைக்கும், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல. துண்டை எடுத்தால் அடுத்த நொடி ஆள் உட்கார்ந்துவிடும். “கட்டியில இந்தப் புரதம் இருக்கது உங்க அதிர்ஷ்டம், மாத்திரை நல்லா கேக்கும்” என்று டாக்டரே சொன்னார். அந்த அதிர்ஷ்டத்தைத்தான் இவள் ஐந்து மாதமாகத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள்.

ஆலயத்தில் அறுப்பின் பண்டிகையன்று அக்கா சாட்சி சொன்னாள், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் எழுந்து நின்று. நான் அன்று என் கணவர் ஊர் ஆலயத்தில் இருந்தேன். கேட்டவர்கள் வந்து சொன்னார்கள்: ‘கர்த்தர் கட்டியைக் கரைத்துப்போட்டார்’ என்று மைக்கில் சொன்னாளாம், சபையே அழுததாம். அக்காவின் மாமியார் ஜெயபாய்க்கு மார்பு என்ற சொல்லே ஆகாது. ஆப்பரேஷனுக்குப் போய் மருந்து முடியும்வரை அக்கா திருவனந்தபுரத்திலேயே தங்கியபோதும், வயிற்றில் கட்டி, ஜெபத்துக்குப் போயிருக்கிறாள் என்றுதான் ஊருக்குச் சொன்னாள். சாட்சியில் ஆப்பரேஷன் என்று வாயெடுத்தால் எங்கே, எதை என்று கேள்வி வரும். அதனால் ஆப்பரேஷனையே விட்டுவிட்டார்கள். சாட்சியிலிருந்து அறுத்த டாக்டரும் போனார், ஊசி போட்ட நர்சும் போனாள். மிஞ்சியது ஜெபம் மட்டும்.

வாசலில் ஜெயபாய் மாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“உள்ள ஜெபம் நடக்கு மக்கா. கொஞ்சம் இரி.”

இருக்க நான் விருந்துக்கா வந்திருக்கிறேன்? நேரே உள்ளே போனேன். அக்கா முக்காடு போட்டு நின்றாள். அவள் முன்னால் முழங்காலில் பெமிலா, பக்கத்து வீட்டு மருமகள், முப்பது வயதுகூட ஆகாதவள். அவள் தலையில் அக்காவின் கை இருந்தது. ஆமென் வரும்வரை பொறுத்தேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

“அக்கா, மாத்திர எங்க?”

அக்கா முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்த மாமி, “ஆளு இருக்கம்ப என்ன பேச்சு இது?” என்றாள்.

“ஆளு இருக்கட்டு. நிறுத்தியாச்சா, இல்லியா?”

“நிறுத்திட்டேன்,” என்றாள் அக்கா. “ஆருஞ் சொல்லல்ல. நானாத்தான் நிறுத்தினேன். சாட்சி சொன்னவ மாத்திர வாங்க நின்னா, பாக்கவிய என்ன சொல்லுவாவ? கர்த்தருக்க நாமம் தூஷிக்கப்படும்லா.”

“மாத்திர போய்ப் பிடிக்கது உனக்க செல்லுக்குள்ள கெடக்க புரதத்தயாக்கும். அதுக்கு சாட்சி தெரியுமா, சபை தெரியுமா? ஒரு செல்லு மிச்சம் கெடந்தாலும் இந்த அஞ்சு மாசமும் அது பெருகட்டுன்னு நீயே கதவத் தொறந்து போட்டிருக்க. கூறு கெட்டவளே!”

அக்காவை நான் அப்படித் திட்டியதே இல்லை. திட்டியதற்கு வருத்தமும் இல்லை.

அப்போதுதான் பெமிலா மெதுவாகக் கேட்டாள். “அப்பம் அக்காக்கு ஜெபத்துல கரையல்லியா?”

“கரைஞ்சதுதான் மக்கா, நீ விசுவாசமா இரி,” என்றாள் மாமி.

“உனக்கு என்னட்டி செய்யுது?” என்று பெமிலாவைக் கேட்டேன். அவள் வலது மார்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். முதலில் சுண்டைக்காய் அளவுக்கு இருந்ததாம். நாகர்கோவிலில் டாக்டர் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னாராம். இவள் போகவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் இங்கே வருகிறாள். இப்போது நெல்லிக்காய் அளவாம்.

“ரெஜிலாக்காக்கு மருந்து இல்லாமலே சொகமாச்சுல்லா, அதான்...”

உண்மை எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அக்காவைப் பார்த்ததும் நிறுத்தினேன். அவள் முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. அதை எடுத்துப் போடக்கூட இல்லாமல் பெமிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெல்லிக்கா அளவா?” என்றாள். “எனக்கத அறுக்கம்ப அம்பிடு பெருசு இல்லியேட்டி.”

“ரெஜிலா!” என்று மாமி அதட்டினாள்.

அக்கா கேட்கவில்லை. சேலையைத் தள்ளி ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றினாள். உள்ளே வைத்திருந்த பஞ்சுப் பொதியை உருவிக் கட்டிலில் எறிந்தாள். இடதுபக்கம் தட்டையாக இருந்தது. நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள்வரை தையல் தழும்பு. சுற்றிலும் கதிர்வீச்சில் கறுத்த தோல். நான்கூட அதை அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

“நல்லாப் பாரு. கரைஞ்சா இப்பிடியா இருக்கும்? அறுத்தாவ. பொறவு மருந்து ஏத்தினாவ, கரண்டு வச்சாவ. கர்த்தர் அவிய கைய வச்சுத்தான் செய்தாரு. நான் அத முழுங்கிட்டேன். எழும்புட்டி, எனக்க முன்ன முழங்கால்ல நிக்காத. ஆஸ்பத்திரிக்குப் போ.”

பெமிலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். அக்கா அப்படியே போய் அதை மறுபடியும் திறந்தாள். நான்தான் சேலையை இழுத்து அவள்மேல் போட்டுவிட்டேன்.

“பிரீனா, இவளக் கூட்டிட்டு இப்பமே நாகர்கோவில் போ. வாற வழியில எனக்க மாத்திரய வாங்கு. எனக்கும் டாக்டரப் பாக்கணும், அஞ்சு மாசம் முழுங்கல்லன்னு சொல்லணும்.”

எனக்குக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. இந்த ஐந்து மாதத்தில் அவளுக்குள் எது வளர்ந்ததோ, வளரவில்லையோ, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். சாவியை எடுத்துக்கொண்டு பெமிலாவின் கையைப் பிடித்து எழுப்பினேன்.

“ஞாயிற்றுக்கெழம திரும்பவும் சாட்சி சொல்லப் போறேன்,” என்றாள் அக்கா. “எங்க அறுத்தாவளோ அதச் சொல்லியே சொல்லுவேன்.”

மாமி குறுக்கே வந்தாள். “சபையிலயா? ஆம்பிளைய இருக்க எடத்துலயா? மஸ்கட்டுக்கு போன் போட்டு எனக்க மவன்ட்ட ஒரு வார்த்த கேளு பிள்ள. அவனுக்க மானம்லா போவும்.”

அக்கா கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“அறுத்தது எனக்க மார்ப மாமி. அவருக்கத இல்ல.”