மிண்டலின் வாத்துப் புத்தகம்

காது கேட்காத பிள்ளைக்குப் பாட்டுப் புத்தகமா என்று நான்தான் முதலில் கேட்டேன். என் வாய் அப்படி, சும்மா இருக்காது.

என் தம்பி ஃபிஷலின் பெண்டாட்டி ஹிண்டா அசரவில்லை. "வாராவாரம் சனிக்கிழமை சபாத்துல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு அந்த வாத்துப் பாட்டைப் பாடுறீங்க. மிண்டல் ஒவ்வொரு வாயா பாத்துக்கிட்டு பேந்தப் பேந்த முழிக்கிறா. எம் பொண்ணுக்கும் அந்தப் பாட்டு வேணும் அக்கா" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

யூதர்களான எங்கள் யித்திஷ் மொழியில் பழைய நாட்டுப்பாட்டு அது. வாத்து கூரைமேல் ஏறிக்கொள்ளும். செருப்புத் தைப்பவர் கூப்பிடுவார், ரொட்டிக்காரர் கூப்பிடுவார், மதகுரு ராபியே வந்து கெஞ்சுவார், அது அசையாது. நடுநடுவே "இறங்கடி, இறங்கடி" என்று பல்லவி. எங்கள் புரூக்ளின் வீட்டுச் சமையலறையில் ஹிண்டா குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். ராபியின் தாடியில் ஒட்டிய இறகைக்கூட விடவில்லை. பல்லவியை மட்டும் விட்டுவிட்டாள். வந்ததே வருகிறது, அதை எத்தனை பக்கம் வரைவது என்றாள். நியாயந்தானே!

சபாத் மதியம் புத்தகத்தை மிண்டல் முன்னால் விரித்தாள். படத்துக்குத் தகுந்தபடி, பல்லவி இல்லாமல் நாங்கள் பாடினோம். செருப்புத் தைப்பவர் முடிந்து அடுத்த பக்கத்துக்கு ஹிண்டாவின் கை போனது. மிண்டல் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"பிடிக்கலை போலிருக்கு" என்றாள் ஹிண்டா. முகம் செத்துவிட்டது.

மிண்டல் இரண்டு உள்ளங்கையாலும் மேசையைத் தட்டினாள். தும்தும், தும்தும். அதே தாளம். பல்லவி வந்தால் நாங்கள் எல்லோரும் தட்டுகள் குதிக்க மேசையை அறைவோம். அப்போதெல்லாம் இந்தப் பிள்ளை அதிரும் மேசைமேல் கை வைத்தே உட்கார்ந்திருக்கும். ஏன் என்று எங்களில் ஒரு கழுதைக்காவது தோன்றியதா!

"அடியே, அவளுக்குப் பாட்டு தெரியும்டி! நீதான் பாதியை விட்டுட்டே!" என்று கத்தினான் ஃபிஷல்.

ஹிண்டா பென்சிலைத் தேடி எழுந்தாள். "சபாத்துல வரையக் கூடாதுடி, பொழுது சாயட்டும்" என்று பிடித்து உட்காரவைத்தேன். ரொட்டிக்காரர் முடிந்ததும் எல்லோரும் தட்டினோம். நான் தட்டியதில் என் உள்ளங்கை சிவந்துவிட்டது.

ஹிண்டா மட்டும் தட்டவில்லை, முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். மிண்டல் அம்மாவின் கைகளை முகத்திலிருந்து பிரித்தாள். மேசைமேல் வைத்தாள். தன் கையை அவற்றின்மேல் வைத்து, மெதுவாக, தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, தட்டிக் காட்டினாள்.