அறுபதுக்கு மேல் ஒரு படி

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் பன்னிரண்டு கீபோர்டுகளும் சடசடக்கத் தொடங்கிவிடும். பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. திரையில் வெயில் விழக்கூடாது என்று ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் கக்கும் சூட்டில், வெளியே வானம் வெளுப்பதற்குள் உள்ளே முதுகு நனைந்துவிடும். மூச்சை இழுத்தால் வலித் தைலத்தின் நெடி.

உலகத்துக்கு அது கம்ப்யூட்டர் விளையாட்டு. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வேலை. ஓநாயைக் கொல்ல வேண்டும். கொன்ற இடத்திலேயே அது மறுபடி முளைக்கும். மறுபடியும் கொல்ல வேண்டும். ஒரு ஷிப்டில் இரண்டாயிரம் ஓநாய்கள். எங்கோ அயல்நாட்டில் காசிருந்தும் நேரமில்லாத ஒருவன் தன் ஐடியை இவர்களிடம் ஒப்படைத்திருப்பான். ஒன்றாம் லெவலில் கந்தலுடுத்தி நிற்கும் அவனுடைய வீரனை உச்ச லெவலுக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அவன் வந்து விளையாடுவான்.

உச்ச லெவல் அறுபது. ஒரு ஐடியை அறுபதுக்கு ஏற்ற ஒன்பது நாள் பிடிக்கும். ஏற்றி முடித்தால்தான் கூலி. இந்தக் கணக்கில்தான் பன்னிரண்டு குடும்பங்களின் அடுப்பு எரிந்தது.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கேமை நடத்தும் கம்பெனி உச்சத்தை எண்பதாக உயர்த்தியது.

அதில் துள்ளிக் குதித்தவன் ஷிபின் ஒருத்தன்தான். இருபத்து மூன்று வயது. வேலை நேரத்தில் அடுத்தவன் ஐடியை ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் ஐடியை ஏற்றுகிறவன்.

"புது நாடே திறந்திருக்காம்க்கா! பனிமலை, பறக்குற குதிரை... ரெண்டு வருசமா அறுபதுலயே கெடந்து சடஞ்சு போச்சு. லெவலை ஏத்தணும்னு நானே அவங்களுக்கு மெயில் போட்டிருக்கேன்."

"மேல இருக்க இருபதும் எப்படில ஏறுது?" என்று கேட்டாள் டெபோரா. ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். கொரோனாவில் பள்ளியை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தாள்.

ஷிபினின் குரல் இறங்கியது. "பைய ஏறுது. ஒரு ஐடிக்கு இன்னும் பதிமூணு, பதினாலு நாள் ஆவும்."

"கூலி?"

பதிலை முதலாளி மெர்வின் அன்று பத்து மணிக்குக் கொண்டு வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, காதில் புளூடூத்.

"உச்சிக்கு ஏத்தினா இவ்வளவுன்னுதானே நம்ம பேச்சு? உச்சி இப்ப எம்பது. பேச்சு மாறலயே."

"ஒம்பது நாள் வேல இருவத்திமூணு நாள் ஆயிருக்கு அண்ணாச்சி," என்றார் அம்மையப்பன். கங்கைகொண்டான் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினாறு வருடம் நின்ற மனிதர். ஆலை மூடியபின், நாற்பது வயதுக்கு மேல் மவுஸ் பிடிக்கப் பழகியவர்.

"லெவலை நானா ஏத்தினேன்? வெள்ளக்காரன் ஏத்தினான். அவன்கிட்டப் போய்க் கேளும்வே."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கீபோர்டுகள் மறுபடி சடசடத்தன.

மூன்று வாரம் ஓடியது. கூலி கைக்கு வரவில்லை, வலி வந்தது. எல்லோருக்கும் முன்னால் விழுந்தவள் பாத்து. மேலப்பாளையத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். உம்மாவுக்கு நடமாட்டமில்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். விட்டதைப் பிடிக்க வேண்டுமென்று மற்றவர்களைவிட ஒரு மணிநேரம் கூடுதலாகவே உட்கார்ந்தாள். அவள் ஐடி எழுபத்து நாலாம் லெவலில் இருந்தது.

வியாழக்கிழமை காலை, பனிக்குகை ஒன்றுக்குள் அவளுடைய வீரன் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மவுஸ் பிடித்திருந்த விரல்கள் சுருட்டிக்கொண்டன. நிமிர்த்தப் பார்த்தாள். வரவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீயாய் எரிய, "யா அல்லா" என்று கையை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே சரிந்தாள். திரையில் அவள் வீரனை ஓநாய்க் கூட்டம் கடித்துத் தின்றது.

டெபோரா ஆட்டோ பிடித்து அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மணிக்கட்டு நரம்பு வீங்கி நசுங்கியிருக்கிறது, ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது என்றார் டாக்டர். தோளிலிருந்து தொங்கும் கட்டோடு பாத்து மாடிக்குத் திரும்பியபோது மெர்வின் வந்திருந்தார்.

"கை சரியானதும் வாம்மா. உன் ஐடிய ஷிபினுக்கு மாத்தியாச்சு. கஸ்டமர் காத்திருக்கான்."

"அண்ணாச்சி, எழுவத்தி நாலு வரைக்கும் ஏத்தினது நான்லா?"

"முடிக்கிறவங்களுக்குத்தான் கூலி. அது தெரிஞ்சதுதானே?"

பாத்து அழவில்லை. ஷிபினின் திரையைப் பார்த்தாள். அவளுடைய வீரன் அங்கே உயிர்பெற்று எழுந்து நின்றுகொண்டிருந்தான். அறையே ஷிபினைப் பார்த்தது. அவன் காது மடல்கள் சிவந்தன. ஆறு லெவல் ஏற்றினால் இருபத்து மூன்று நாள் கூலியும் அவனுக்கு.

ஷிபின் மவுஸை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"நான் ஏத்த மாட்டேன், அண்ணாச்சி."

"என்னல சொல்லுத?"

"அது பாத்துக்கா கை. அதுமேல ஏறி நான் சம்பாதிக்க மாட்டேன். இன்னொண்ணும் சொல்லுதேன். லெவல் ஏறின மறுநாளே நீங்க கஸ்டமருக்கு ரேட்டு ரெண்டு மடங்கு ஏத்திட்டீங்க. நம்ம வெப்சைட்லயே போட்டிருக்கு. எல்லாருக்கும் தெரியட்டும்."

மெர்வின், "இஷ்டமிருந்தா வேலயப் பாருங்க, இல்லன்னா எறங்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சோற்றுப் பொட்டலங்களோடு பன்னிரண்டு பேரும் மாடிப்படிகளில் உட்கார்ந்தார்கள். ஷிபின்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"லெவல் ஏறுனது தப்புன்னு இப்பவும் நான் சொல்ல மாட்டேன்க்கா."

"ஏறட்டும்ல. யாரு வேண்டாம்னா?" என்றாள் டெபோரா. "வெளாடுறவனுக்கு எம்பது ஆச்சு, மொதலாளி ரேட்டுக்கும் உச்சி ஏறியாச்சு. நம்ம கூலிக்கு மட்டும் யாரு உச்சிய வச்சு ஆணி அடிச்சது? அதத்தான் கேக்கணும்."

கூடிப் பேசியதில் முடிவு பிறந்தது. பழைய கூலிக்கு எல்லா ஐடியும் அறுபதோடு நிற்கும். அறுபதுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு படிக்கும் தனிக் கூலி. யார் எவ்வளவு ஏற்றினார்களோ அவ்வளவும் அவர்களுக்கு. பாத்துவின் வைத்தியச் செலவு முதலாளியைச் சேர்ந்தது. அத்தனையையும் டெபோரா ஒரு காகிதத்தில் எழுதினாள்; முதலாளி ஒப்புக்கொள்ளும்வரை மவுஸைத் தொடுவதில்லை, மறுத்தால் லேபர் ஆபீசரிடம் போவது.

மறுநாள் எல்லோரும் வந்து இருக்கையில் அமர்ந்தார்கள். ஒரு விரலும் அசையவில்லை. அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டிராத அமைதி. கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்ப்பதுகூட மேலே கேட்டது.

மெர்வின் ஓடி வந்தார். டெபோரா காகிதத்தை நீட்டினாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"லேபர் ஆபீசருக்கிட்டப் போவீங்களோ? போங்க. அடுத்தவன் ஐடிய ஏத்துறதே கேம் கம்பெனி ரூலுக்கு விரோதம். என்னன்னு சொல்லி நியாயம் கேப்பீங்க?"

"வேல கம்பெனிக்கு விரோதமா இருக்கட்டும். இந்தக் கை வீங்கியிருக்கது பொய்யா?" என்றார் அம்மையப்பன்.

மெர்வின் டெபோராவின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் வழிந்தது. "டெபோரா, நாம ஒரே சபைக்காரங்க. நீயுமா?"

"ஞாயித்துக்கெழம நமக்கு ஒரே பெஞ்சுதான் அண்ணாச்சி. மத்த ஆறு நாளும் நீங்க மொதலாளி, நான் கூலிக்காரி. இன்னைக்கு வெள்ளிக்கெழம."

அவர் முகம் கறுத்தது. மெயின் சுவிட்சை அணைத்தார். பன்னிரண்டு திரைகளும் இருண்டன. "எல்லா ஐடியையும் வண்ணார்பேட்டையில இருக்க என் இன்னொரு கடைக்கு மாத்துதேன். அங்கன ஒம்பது பேரு இருக்காவ. நீங்க வீட்டுக்குப் போங்க."

சந்தில் இறங்கி நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிய அந்த நேரத்தில் அம்மையப்பன் சொன்னார்:

"மில்லுல நாப்பத்தி மூணு நாள் ஸ்ட்ரைக்ல நின்னோம். எதனால தோத்தோம்னு நெனைக்கிய? பக்கத்து மில்லு ஓடிச்சு. நாங்க ஒருத்தரும் அங்கன போய்ப் பேசல. ரோசம். இன்னைக்கு அந்தத் தப்ப பண்ணக்கூடாது, வாங்க."

டவுன் பஸ்ஸில் பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். பாத்துவுக்கு ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று டெபோரா வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

வண்ணார்பேட்டைக் கடையும் மாடிதான். அங்கேயும் ஜன்னலில் அட்டை, அதே தைல நெடி. ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டெபோரா வாயைத் திறக்குமுன், நடுவில் இருந்த டார்லின் என்ற பெண் எழுந்தாள்.

"அண்ணாச்சி போன் பண்ணாரு. எழுவத்தி நாலுல ஒரு ஐடி, ஒடனே முடிக்கணும்னு எனக்கு அனுப்பியிருக்காரு. அரமணி நேரமா அதயே பாத்துக்கிட்டு இருக்கேன். இத ஏத்தினது யாரு?"

பாத்து முன்னால் வந்தாள். டார்லின் அவள் தோளிலிருந்து தொங்கிய கட்டையே பார்த்தாள். பிறகு தன் வலது மணிக்கட்டை நீட்டினாள். அதைச் சுற்றி ஒரு பழைய கைக்குட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"எனக்கும்தாங்க்கா. ரெண்டு வாரமா டம்ளர் பிடிக்க முடியல. வெளிய சொன்னா சீட்டு போயிரும்னு யாருக்கிட்டயும் சொல்லல."

"எனக்கும்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "தோள்பட்ட," என்றது இன்னொன்று. டெபோரா காகிதத்தை விரித்து வாசித்தாள். முடிக்குமுன் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஷிபின் போய் ஜன்னல் அட்டையைப் பிய்த்தான். தாமிரபரணிப் பக்கத்துக் காற்று குப்பென்று உள்ளே வந்தது.

மேஜைமேல் டார்லினின் போன் அடித்தது. மெர்வின். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எம்பது ஆச்சா, இல்லயா?"

டார்லின் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"ஆவல அண்ணாச்சி. பேசி முடிக்காம ஆவவும் செய்யாது. நீங்க இங்கன வாங்க. இருவத்தியோரு பேரு இருக்கோம்."